கவிழ நேரமெடுக்கும் கடல்கள்

விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், வந்த நோக்கம் என்ன என்று கேட்டார். சனிக் கோளின் நிலாவில் பாய்மரப் படகு விட்டால் கவிழுமா கவிழாதா என்று பார்க்க வந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்த விமானத்திலேயே என்னைத் திருப்பி ஏற்றியிருப்பார். "சுற்றிப் பார்க்க" என்றேன். குத்திவிட்டார்.

நான் யாழ்ப்பாணத்தில், வடமராட்சிக் கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். பின்னேரங்களில் மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள். நான் வேற்று உலகங்களில் படகு எப்படி ஓடும் என்று கணக்குப் போடுவேன். கல்யாணம் கட்டியிருந்தால் இந்தப் பைத்தியம் வந்திருக்காது என்பது என் அக்காவின் கருத்து. அக்கா கட்டியவர் புறா வளர்க்கிறார், அதை நான் சொல்லிக்காட்டுவதில்லை. என்னைப் போலவே இது பிடித்துப்போன சிலர் கைபேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம்.

அதில் ஒருவர் வில்சன். கேரளத்தின் தெற்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊர்க்காரர். முன்பு பாய் விரித்துக் கடலுக்குப் போனவர், இப்போது ரப்பர் மரத்தில் பட்டை வெட்டிப் பால் எடுக்கிறார். குழுவில் சேர்ந்த அன்றே அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் எந்த உலகத்தில் படகு வேகமாக ஓடும் என்றுதான் கேட்பார்கள். இவர், எந்த உலகத்தில் படகு கவிழ அதிக நேரம் எடுக்கும் என்று கேட்டார்.

டைட்டன் என்று பதில் போட்டேன். சனியின் பெரிய நிலா அது. அங்கே ஏரி உண்டு, கடல் உண்டு, மழைகூட உண்டு. தண்ணீர்தான் இல்லை. மீத்தேன் என்கிற எரிவாயு அந்தக் குளிரில் திரவமாகிக் கிடக்கிறது. ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. எது விழுந்தாலும் ஆறுதலாக, மெதுவாக விழும். இங்கே மூன்று விநாடியில் சாய்கிற படகு அங்கே எட்டு விநாடி எடுத்துச் சாயும்.

மனுசன் அதோடு விடவில்லை. செவ்வாயில் முந்தித் தண்ணீர் ஓடியதாமே, அங்கே எவ்வளவு நேரம்? ஐந்து விநாடி என்று எழுதினேன். வியாழனின் நிலா யூரோப்பாவில்? அங்கே கடல் பனிக்கட்டிக்குக் கீழே இருக்கிறது, காற்றே கிடையாது, பாயை விரித்து என்ன செய்வது என்று கேட்டேன். "பாய் வேண்டாம் டீச்சர், கவுறதுக்க நேரம் மட்டும் போதும்" என்று குரல் அனுப்பினார். வீம்புக்குக் கேட்கிறார் என்று எரிச்சல் வந்தது. அந்தக் கணக்கை அனுப்பாமலே வைத்திருந்தேன்.

அப்படியிருக்கத்தான் அழைப்பு வந்தது. அவருடைய ஊர் வாயனசாலைக்கு ஆண்டு விழா. எங்கள் ஊரில் வாசிகசாலை என்போம், இரண்டும் ஒன்றுதான்: பத்திரிகை, கரம் போர்ட், சண்டை. விழாவில் வில்சன் தான் செய்த டைட்டன் படகைத் தொட்டியில் விட்டுக் காட்டப்போகிறார், நான் அதைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை. புறப்பட்டுவிட்டேன்.

நெய்யாற்றின்கரையில் பஸ் மாறி, காரோட்டுக்கு இறங்க வேண்டிய பாறசாலை வந்தால் எழுப்பச் சொல்லி நடத்துநரிடம் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது கடைப் பலகைகள் எல்லாம் எனக்குப் புரிந்தன. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான், புரியக்கூடாதே என்று உறைத்தது. பஸ் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள், களியக்காவிளையில் நின்றது. இரண்டு தரம் தட்டி எழுப்பியதாகவும் நான் தலையாட்டி "ஓம்" சொல்லிவிட்டு மறுபடி தூங்கியதாகவும் நடத்துநர் மலையாளத்தில், நடித்துக் காட்டி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

ஆட்டோக்காரர் ஒருவர் அகப்பட்டார். "எங்க போறிய?" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்கள் ஊரில் "எங்க போறியள்?" என்போம், ஒரு எழுத்துத்தான் குறைகிறது. மாநிலம் விட்டு மாநிலம் வருவீர்களா என்று தயங்கிக் கேட்டேன்.

"எல்லையெல்லாம் பஸ்சுக்கு ஆக்கும் அக்கா, ஆளுக்கு இல்ல. எனக்க வீடு இஞ்ச, மாமியாரு வீடு அங்க. சாயா குடிக்க அங்க போவேன், பெட்ரோல் அடிக்க இஞ்ச வாறேன்" என்றார். எல்லை என்றால் முள்ளுக்கம்பியும் சோதனைச் சாவடியும் என்று பழகிய எனக்கு அதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது.

வில்சன் வீட்டு வாசலில் நின்றார். மெலிந்த உயரமான மனிதர், ஐம்பது இருக்கும். குழுவில் எந்நேரமும் கேள்வி கேட்கிறவர் நேரில் அவ்வளவு பேசவில்லை. அவருடைய மனைவி சோபாதான் என் பையை வாங்கினாள், முகம் கழுவத் தண்ணீர் தந்தாள், பிரயாணம் எப்படி என்று விசாரித்தாள். அவள் வீட்டிலேயே தையல் தைக்கிறவள். படகின் பாயைத் தைத்தது அவள்தான், பழைய குடைத் துணியில்.

சாப்பாட்டுக்கு அவித்த மரச்சீனியும் சாளைக் கறியும் வைத்தாள். நாங்கள் மரவள்ளி என்பதுதான் இவர்களுக்கு மரச்சீனி. எங்கள் சூடை மீனுக்கு இந்தச் சாளை ஒன்றுவிட்ட தங்கச்சி. குழம்பில் புளிக்குப் பதில் மாங்காய் போட்டிருந்தாள். எங்கள் ஊர்க் குழம்புக்கு மேல் உலகத்தில் குழம்பு இல்லை என்று சொல்லித் திரிகிறவள் நான், அன்று மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது ஒன்றைக் கவனித்தேன். வில்சன் சோபாவிடம் பேசும்போது சுவரைப் பார்த்துப் பேசினார், இல்லாவிட்டால் கறிச்சட்டியைப் பார்த்து. கோபக்காரர் செய்கிற மாதிரி இல்லை. கடைசி மீன் துண்டை அவர் தன் தட்டிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தார், அதையும் தட்டைப் பார்த்தே வைத்தார்.

மறுநாள் அவர் விடியற்காலையே ரப்பர் வெட்டப் போய்விட்டார். சோபா புட்டு அவித்தாள். இங்கே புட்டுக்குப் பயறும் பப்படமும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசைகிறார்கள். புட்டில் பப்படத்தை நொறுக்கிப் போடுவதை நான் வன்மையாகக் கண்டிக்கலாம் என்று இருந்தேன், வாயில் வைத்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். அவர் ஏன் எப்போதும் கவிழ்வதைப் பற்றியே கேட்கிறார் என்று பேச்சுவாக்கில் அவளிடம் கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒங்ககிட்ட சொல்லல்லியா? சொல்ல மாட்டாரு. எனக்கொரு தம்பி உண்டும், ஜெஸ்டின். அளியனும் அளியனும் ஒரே வள்ளத்துலதான் போவினும். ஒரு நாளு பூவாறு பொழிமுகத்துல திரும்பி வரும்போ காத்து அடிச்சு வள்ளம் கவுந்து போச்சு. இவரு கரையேறுனாரு. அவன் வரல்ல."

அளியன் என்றால் மைத்துனன். பொழிமுகம் என்பது நெய்யாறு கடலோடு சேர்கிற வாய், மணல் திட்டும் அலையும் முட்டிக்கொள்கிற இடம்.

"கை நீட்டுனா எட்டுற தூரத்துலதான் இருந்தானாம். அத ஒருக்கா மட்டும் சொன்னாரு. நான் கெடந்து அழுதேன். பின்ன அதப் பத்தி இந்த வீட்டுல பேச்சே இல்ல. அண்ணைக்கிலேருந்து அவரு எனக்க மொகத்த நேரா பாத்ததில்ல டீச்சர்."

"நீங்கள் அவரைக் குறை சொல்லேல்லைத்தானே?"

"ஒரு வாக்கு சொல்லியிருந்தாலும் அவரு திருப்பிச் சொல்லியிருப்பாரு, தீந்திருக்கும். ஒண்ணும் சொல்லாம அழுதேனில்லியா. அத அவரு வேற மாதிரி எடுத்தாச்சு. இனி எப்பிடித் தொடங்குறது?"

யூரோப்பாக் கணக்கை அனுப்பாமல் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. வீம்பு என்று நினைத்தேனே. அந்த மனிதர் ஒவ்வொரு உலகமாகப் போய், இங்கே இருந்திருந்தால் கை எட்டியிருக்குமா, அங்கே இருந்திருந்தால் எட்டியிருக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சோபா இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள், சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு வில்சன் பால் வாளியோடு வந்தார். வீட்டின் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் படகு இருந்தது. என் முழுக் கையின் நீளம். முருக்கு மரத்தில் குடைந்த உடல், மூங்கில் பாய்மரம், அடியில் மீனின் துடுப்பு போல ஒரு பலகை, அதன் நுனியில் ஈயக் குண்டு. கவிழாமல் நிறுத்துவது அந்தக் குண்டுதான். பலகை உடலோடு சேரும் இடத்தில் தடிப்பாக ரப்பர் பால் பூசி உலர்த்தியிருந்தார். அந்த ஊரில் எது ஒழுகினாலும், எது விரிசல் விட்டாலும் ரப்பர் பால்தான் மருந்து. ஓட்டை வாளி, கூரை ஆணி, குடைக் காம்பு, செருப்பு என்று அவர்கள் வீட்டிலேயே ஏழெட்டு இடத்தில் பார்த்தேன்.

"ஆணி கெடையாது, பசை கெடையாது. எல்லாம் எனக்க மரத்துப் பாலு ஆக்கும்" என்றார். முகத்தில் முதல்முறையாகப் பெருமை தெரிந்தது.

இருவரும் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்தோம். டைட்டனில் காற்று நம் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் கனம். அது படகைச் சாய்க்கப் பார்க்கும். நிமிர்த்துவது படகின் எடை, அந்த எடையோ ஏழில் ஒன்றாகிவிட்டது. ஆகவே அங்கே சேலைத் தலைப்பைக்கூட அசைக்காத காற்று, படகைச் சாய்ப்பதில் இங்கே ஐந்தாறு மடங்கு வேகமாக அடிக்கிற காற்றுக்குச் சமம். தொட்டியில் டைட்டனைக் கொண்டுவர வேண்டுமானால் பெரிய மின்விசிறி வேண்டும். மீத்தேனுக்குப் பதில் மண்ணெண்ணெய். அது தண்ணீரைவிட லேசு, மீத்தேன் அளவுக்கு லேசில்லை. பாதி வழி போனதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆறுதலாகக் கவிழ்வதை எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. கைபேசியில் மெதுவாக ஓடுகிற மாதிரி படம் எடுத்தால் சரி. இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே நேரத்தை இழுத்தால் இங்கே விழுவது அங்கே விழுகிற மாதிரி தெரியும். சரியான கணக்கு. நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராகவே போட்டிருக்கிறார்.

"ஒண்ணு மட்டும் உண்டு டீச்சர். இது குட்டி வள்ளம். கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள கவுரும். பெரிய வள்ளம் அப்பிடி இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அதுல நேரம் உண்டு."

பௌதிகப்படி அது உண்மை. சின்னது வேகமாகச் சாயும், பெரியது நேரம் எடுக்கும். நான் ஈயக் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசிறி, திருப்புறம் என்ற பக்கத்து ஊரில் ஒரு பந்தல்காரரிடம் இருந்தது. கல்யாண வீடுகளில் மூலையில் நின்று உறுமுமே, அந்த ஆள் உயர விசிறி. மண்ணெண்ணெய் கடற்கரையில் வில்சனின் பழைய கூட்டாளிகளிடமிருந்து. இரண்டையும் ஒரே ஆட்டோவில் ஏற்றினோம். விசிறியின் தலை வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் தானே சுற்றியது. வழியில் ஒரு கேன் மூடி தளர்ந்து என் பாவாடையில் பாதி மண்ணெண்ணெய். ஓட்டுநர் மலையாளத்தில் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "இந்தச் சேச்சி பீடி குடிக்கிற ஆளா இருந்தா இப்பவே எறங்கச் சொல்லுண்ணு சொல்லுதான்" என்றார் வில்சன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆற்றங்கரையோரம் ஆட்டோ வளைந்தபோது தூரத்தில் பொழிமுகம் தெரிந்தது. சுற்றுலாப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. வில்சன் மறுபக்கம் இருந்த வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விழா நாளன்று வாயனசாலை முற்றத்தில் மீன் போடுகிற பெரிய ஃபைபர் தொட்டியை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினோம். பக்கத்தில் மணல் வாளியும் ஈரச் சாக்கும். செயலாளர் சுகுமாரன் பருத்த உருவம், மலையாளம்தான் பேசுவார், சோபா எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பீடியோடு வருகிறவனைத் தொட்டிக்குள் முக்கிவிடுவேன் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். விழா தொடங்குமுன் காட்சிப்பொருள் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆகவே படகையும் தொட்டியில் இறக்கிவிட்டோம். அழகாக மிதந்தது. முந்தின நாள் தண்ணீரில் மிதந்ததைவிடக் கொஞ்சம் ஆழமாக மிதந்தது, அது கணக்குப்படி.

பிறகு கூட்டம். எங்கள் ஊரிலும் கூட்டம் நீளும், ஆனால் இவர்களிடம் நாங்கள் பாடம் கேட்க வேண்டும். பிரார்த்தனை, வரவேற்பு, தலைமை உரை, திறப்பு உரை. அதன் பிறகு ஆசம்சை, அதாவது வாழ்த்துரை. ஆசம்சைக்கு மட்டும் ஒன்பது பேர். ஒருவரும் படகைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் சாலையில் இருக்கும் பள்ளத்தைப் பற்றிப் பேசினார், அடுத்தவர் முன்னவர் பேசியதைக் கண்டித்துப் பேசினார். வெயில் தொட்டியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்விட்டது. படகு மண்ணெண்ணெயில் சும்மா மிதந்துகொண்டிருந்தது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். டைட்டனைப் பற்றிச் சொன்னேன். ஈர்ப்பு குறைந்தால் படகு மேலே மிதக்கும் என்று நினைப்பீர்கள், அது தப்பு, படகும் லேசாகிறது, தாங்குகிற திரவமும் அதே அளவு லேசாகிறது, ஆகவே முங்குகிற ஆழத்தில் ஈர்ப்புக்கு வேலையே இல்லை என்றேன். சிலர் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த மீன் விற்கிற பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அந்தக் கடலுல மீனு உண்டா டீச்சர்?"

"இல்லை. இதுவரைக்கும் ஒண்டும் தெரியேல்லை."

"பின்ன எதுக்கு வள்ளம்?"

இத்தனை வருடக் கணக்கில் இந்தக் கேள்வி எங்கள் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. முற்றம் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன்.

படகை விடும் நேரம் வந்தது. வேலைகளை முன்பே பிரித்திருந்தோம். விசிறிச் சுவிட்சு வில்சனிடம். கைபேசியில் மெதுபடம் எடுப்பது நான். காற்று நிலைக்கும் வரை படகைப் பிடித்திருந்து, பிறகு கையை எடுப்பது சோபா. எடுத்த பிறகும் ஒரு சாண் தூரத்தில் கையை வைத்திருக்கச் சொல்லியிருந்தார் வில்சன், ஏதாவது ஆனால் பிடிப்பதற்கு.

விசிறி உறுமியது. குடைத் துணிப் பாய் விம்மியது. சோபா கையை எடுத்தாள். படகு சாய்ந்தது, நின்றது, நகர்ந்தது. நாலு மடங்கு கனமான காற்றும் ஏழில் ஒரு பங்கு ஈர்ப்பும் உள்ள ஒரு கடலில் ஓட வேண்டிய படகு காரோட்டில் ஓடியது. தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பாதித் தொட்டி கடந்திருக்கும். கீழே ஏதோ மெல்லத் தட்டிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி பாய் மண்ணெண்ணெயில் படுத்துக் கிடந்தது.

வில்சன் விசிறியை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செயலாளர் ஒலிபெருக்கியை எடுத்தார். "வள்ளம் சபையை வணங்கிவிட்டது, இனி எல்லோரும் சாயா குடிக்க வாருங்கள்" என்று மலையாளத்தில் சொன்னார். நல்ல மனிதர். ஒருவரும் கேலி செய்யவில்லை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாசத்தின் பின்னால் கூட்டம் கலைந்தது. தொட்டியடியில் நாங்கள் மூவர் மட்டும் நின்றோம்.

வில்சன் கையை விட்டு அடியில் கிடந்த பலகையையும் ஈயக் குண்டையும் எடுத்தார். பூசியிருந்த ரப்பர் ஊதி வழவழத்து, ஊறிய ஜவ்வரிசி போலக் கையோடு வந்தது.

"மண்ணெண்ணையில ரப்பர் நிக்காதுண்ணு இந்த ஊருல யாருக்குத் தெரியாது? கையில ஒட்டுன பால நானே மண்ணெண்ண போட்டுத்தான் தொடைக்கேன். எனக்குத் தோணல்லியே டீச்சர்."

எனக்கும் தோன்றவில்லை. எடை பார்த்தேன், காற்று பார்த்தேன், பாயின் பரப்பு பார்த்தேன். பசையைப் பார்க்கவில்லை. ஊரே வந்து பார்த்தது, ஊர் முழுக்க ரப்பர், ஒருவர் வாயிலும் அது வரவில்லை. பெற்ற பிள்ளை மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒன்பது ஆசம்சையில் மூன்றைக் குறைத்திருந்தால்கூடப் படகு அக்கரை போயிருக்கும். டைட்டனுக்கே போயிருந்தாலும் அந்தக் குளிரில் ரப்பர் கண்ணாடியாகி நொறுங்கியிருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். நான் ஆறுதல் சொல்கிற அழகு அவ்வளவுதான்.

"படம் எடுத்தியளா? காட்டுங்க" என்றாள் சோபா.

தொட்டி விளிம்பில் கைபேசியைச் சாய்த்து வைத்து ஓட விட்டேன். மூவரும் குனிந்து பார்த்தோம். படத்தில் எல்லாம் டைட்டன் வேகத்தில் நடந்தது. பாய் ஆறுதலாக விம்மியது. குண்டு கழன்று கீழே மிதந்து மிதந்து போனது. படகு சாயத் தொடங்கியது. ஓரத்திலிருந்து சோபாவின் கை வந்தது, கண்ணாடி வளையல்களோடு, விரல்களை விரித்து. கை வந்துகொண்டே இருந்தது, படகு சாய்ந்துகொண்டே இருந்தது. பாய் முழுவதும் படுத்த பிறகுதான் விரல் அதைத் தொட்டது.

சோபா திரும்ப ஓட விடச் சொன்னாள். கை வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன்.

"இஞ்ச பாருங்க" என்றாள். என்னிடம் இல்லை, வில்சனிடம். "எனக்க கை எங்க நிக்குதுண்ணு பாருங்க."

வில்சன் பார்த்தார்.

"ஒரு சாண் தூரம். கண்ணு அதுலயேதான் இருந்து. பிடிக்கணும்ணே நின்னேன். எட்டிச்சா?"

அவர் கையில் இருந்த ஈயக் குண்டைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"நெலத்துல நின்ன எனக்கு எட்டல்ல. அந்தக் காத்துலயும் அலையிலயும் ஒங்களுக்கு மட்டும் எப்பிடி எட்டும்? எனக்க தம்பிய நீங்க விட்டுட்டியண்ணு ஒரு நாளும் நான் நெனச்சதில்ல. கேட்டியளா. ஒரு நாளும்."

வில்சன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. குட்டி வள்ளம் கண் மூடித் திறப்பதற்குள் கவிழும், பெரிய வள்ளத்தில் நேரம் உண்டு. முந்தின நாள் அவர் சொன்னது, அவருக்கும் எனக்கும் தெரிந்தது, சோபாவுக்குத் தெரியாதது. நான் அதை இப்போது சொல்வேனா என்று பார்த்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாதிக் கணக்கில் நிறுத்தாதே என்று சொல்லித் திரிகிறவள் நான். திரும்பி விசிறியின் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

நன்றாக நேரமெடுத்துச் சுருட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் சோபாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரையோ தொட்டியையோ இல்லை, முகத்தை. அவள் மண்ணெண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அழுதாள். அவரும் அழுதார். நான் பழம்பொரி வாங்கிவரப் போனேன்.

அடுத்த நாள் நான் கிளம்ப வேண்டும். சோபா பொதி கட்டித் தந்தாள்: வறுத்த மரச்சீனி, மாங்காய் ஊறுகாய், அதோடு மண்ணெண்ணெய் மணம் போகாத என் பாவாடை. விமானத்தில் இதை ஏற்றுவார்களா என்று எனக்குச் சந்தேகம், அவளுக்கு இல்லை. இருவரும் பாறசாலை ரயில் நிலையம் வரை வந்தார்கள். ஆட்டோவில் வில்சன் நடுவில் இருந்தார். ரப்பருக்குப் பதில் எந்தப் பசை, பலகையை உடலோடு ஒன்றாகவே செதுக்கினால் என்ன என்று வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வந்தார். மீன் இல்லாத கடலுக்கு இரண்டாவது வள்ளமா என்று சோபா கேட்டாள். ஆமா, நீ பாயைத் தை என்றார் அவர், அவளைப் பார்த்து.

ரயில் வருவதாக அறிவித்தார்கள். எனக்கு ஒரு கடமை மிச்சம் இருந்தது.

"வில்சன் அண்ணை, யூரோப்பாக் கணக்கு நான் உங்களுக்கு அனுப்பேல்லை. ஊருக்குப் போனதும் போட்டு அனுப்புறன்."

அவர் என் பையைப் பெட்டிக்குள் ஏற்றி வைத்தார். இறங்கி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது இனி வேண்டாம் டீச்சர். கவுறதுக்க கணக்கு போட்டது மதி, போதும். டைட்டனுல நல்ல கச்சான் காத்து அடிச்சா எனக்க வள்ளம் எவ்வளவு வேகத்துல ஓடும்? அதப் போட்டு அனுப்புங்க."